வெயிலும் தோலும்: பள்ளிப் பிள்ளைகள் மூலம் பண்ணை வீட்டுக்கு ஒரு பாடம்

வெற்றிலைக் கொடிக்காலில் முதலில் அகத்தியை விதைத்து, அது வளர்ந்து நிழல் தரத் தொடங்கிய பிறகே கொடியை ஊன்றுவது வழக்கம். கத்தரி, மிளகாய் நாற்றுகளை வெயில் தாழ்ந்த மாலை நேரத்தில்தான் நடுகிறார்கள். எருமையை நண்பகலில் குட்டையில் இறக்கி விடுகிறார்கள். பயிருக்கும் கால்நடைக்கும் காட்டப்படும் இந்தக் கவனம், உழைப்பவரின் தோலுக்கும் அவருடைய பிள்ளைகளின் தோலுக்கும் கிடைப்பதில்லை. "கறுத்த உடம்புக்கு வெயில் என்ன செய்யும்?" என்ற பேச்சு ஊரெங்கும் உண்டு. இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பியதால் கால் இழந்தவர்களும் பார்வை குறைந்தவர்களும் உண்டு.

புதுச்சேரி நகரத்துப் பள்ளிகளில் வில்லியனூர், அரியாங்குப்பம், பாகூர் ஆகிய சுற்றுப்புறங்களிலிருந்தும் மாணவர்கள் வந்து படிக்கிறார்கள். வீட்டில் மல்லாட்டை பறிக்கும் நாளில் இவர்களும் கை கொடுக்கிறார்கள். காலையில் மிதிவண்டி, பகலில் விளையாட்டுத் திடல், விடுமுறையில் வயல் என ஆண்டு முழுவதும் வெயிலில் இருப்பவர்கள் இவர்கள். 9 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் இப்பிள்ளைகளுக்கு வெயிலைப் பற்றியும் தோல் புற்றுநோயைப் பற்றியும் சரியான அறிவைக் கொடுத்தால், அது மாலைக்குள் உழவர் வீட்டுக்கும் வந்து சேரும்.

தலைக்கு மேல் நிற்கும் சூரியன்

சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர்கள் இருக்கின்றன. வெப்பத்தைப் போல இவற்றை உடம்பால் உணர முடியாது. காற்று குளிர்ந்திருக்கும் நாளிலும் இவை விழும். மெல்லிய மேகம் மூடிய நாளில்கூட இக்கதிர்களில் 80 சதவீதம் வரை தரைக்கு வரக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவுக்கு இக்கதிர்களின் வலிமையும் கூடுகிறது.

புதுச்சேரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் உள்ளது. ஆகவே ஆண்டில் இரு முறை, ஏப்ரல் 21 வாக்கிலும் ஆகஸ்டு 21 வாக்கிலும், சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இந்நாள்களை நிழலில்லா நாள் என்பார்கள். 1 மீட்டர் உயரமுள்ள கழியைச் செங்குத்தாக நட்டு ஏப்ரல் 21 அன்று நிழலை அளந்தால் கிடைக்கும் அளவு பின்வருமாறு இருக்கும்.

காலை 8.10 மணி: 164 செ.மீ.
காலை 9.10 மணி: 97 செ.மீ.
காலை 10.10 மணி: 56 செ.மீ.
காலை 11.10 மணி: 26 செ.மீ.
பகல் 12.10 மணி: நிழல் இல்லை.

பகலுக்குப் பிறகு இதே கணக்கு திரும்பி வரும். பிற்பகல் 3.10 மணிக்கு நிழல் மீண்டும் 97 செ.மீ. ஆகும்.

இதிலிருந்து எளிய விதி ஒன்று கிடைக்கிறது. ஒருவருடைய நிழல் அவருடைய உயரத்தைவிடக் குறுகியிருந்தால் புறஊதாக் கதிர் வலுவாக விழுகிறது என்று பொருள். அப்போது நிழலை நாட வேண்டும், அல்லது உடம்பை மறைக்க வேண்டும். நிழல் நீண்டிருந்தால் அச்சம் குறைவு. இதற்குக் கருவியும் தேவையில்லை, கடிகாரமும் தேவையில்லை.

மார்கழியில் வெயில் மென்மையானது என்று எண்ணுவோரும் உண்டு. டிசம்பர் 21 அன்று புதுச்சேரியில் நண்பகலில் அதே கழியின் நிழல் ஏறத்தாழ 71 செ.மீ. மட்டுமே இருக்கும். அதாவது ஆண்டின் எந்த நாளிலும் புதுச்சேரி நண்பகலில் மனிதனின் நிழல் அவன் உயரத்தை எட்டுவதில்லை. கோடையில் மட்டும் எச்சரிக்கையாக இருந்தால் போதாது என்பதற்கு இதுவே சான்று.

கறுத்த தோலின் காப்பு

தோலின் மேலடுக்கில் மெலனின் என்னும் நிறமி உள்ளது. இந்த நிறமியை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறத்தாழ ஒன்றே. கறுத்த தோலில் நிறமித் துகள்கள் பெரியவை, நெருக்கமாகப் பரவியவை. இவை ஒவ்வொரு செல்லின் உட்கருவுக்கும் குடை பிடிப்பதுபோல் நின்று புறஊதாக் கதிரைத் தடுக்கின்றன. தப்பி உள்ளே செல்லும் கதிர் செல்லின் மரபுப் பொருளைச் சேதப்படுத்துகிறது. உடம்பு பெரும்பாலான சேதத்தைச் சரிசெய்துவிடும். சரிசெய்யப்படாத சேதம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து சிலருக்குப் புற்றாக மாறுகிறது. சூரியக் கதிர்வீச்சு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கவல்லது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1992ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது.

கால்நடைகளிலும் இதைக் காணலாம். வெள்ளை முகமுடைய ஹியர்போர்டு இனப் பசுக்களுக்குக் கண்ணைச் சுற்றிப் புற்று வருவது மேல்நாட்டுப் பண்ணைகளில் நன்கு அறியப்பட்ட நோய். கண்ணைச் சுற்றி நிறமி உள்ள மாடுகளுக்கு அது குறைவு.

ஆகவே நம் நாட்டில் தோல் புற்றுநோய், மொத்தப் புற்றுநோய்களில் மிகச் சிறு பங்கே. இதனால் பிள்ளைகளை அச்சுறுத்த வேண்டியதில்லை. எலும்புக்குத் தேவையான வைட்டமின் டி, தோலில் வெயில் படுவதால்தான் உண்டாகிறது. வெயில் பகையல்ல, அளவுதான் முக்கியம். யூரியா இட்டால் பயிர் வளரும், மிகுதியாக இட்டால் சாய்ந்துவிடும் என்பதை உழவர் அறிவர்.

ஆஸ்திரேலியாவின் அனுபவம்

வெயிலைப் பற்றிப் பள்ளிகளில் பாடம் நடத்துவதில் முன்னே நிற்கும் நாடு ஆஸ்திரேலியா. அங்கு குடியேறியவர்களில் பெரும்பாலோர் பிரிட்டன் முதலிய குளிர்நாடுகளிலிருந்து வந்த வெளுத்த தோலினர். கடும் வெயிலுள்ள நாட்டில் அவர்கள் வாழத் தொடங்கியதால், 70 வயதுக்குள் மூவரில் இருவருக்கு ஏதேனும் ஒரு வகைத் தோல் புற்று கண்டறியப்படும் நிலை ஏற்பட்டது. 1981ஆம் ஆண்டு விக்டோரியா மாநிலத்தில் கடற்பறவை ஒன்றின் கேலிச் சித்திரத்தைக் கொண்டு, சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்ற மூன்று சொற்களை நாடெங்கும் பரப்பினார்கள். தொப்பி இல்லாத பிள்ளைக்குத் திடலில் விளையாட்டு இல்லை என்ற விதியும் பல பள்ளிகளில் வந்தது.

அந்த நாட்டுப் பாடத்தை அப்படியே இங்கு நடுவது பொருந்தாது. மண் பார்த்துத்தான் விதை தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே முகத்திலும் கையிலும் முதுகிலும் வரும் புற்று முதன்மையானது. இங்கே தேட வேண்டிய இடங்களில் பல வேறு.

நம்மவர் தேட வேண்டிய இடங்கள்

1. பழைய தீக்காயத் தழும்பு: நெல் அவிக்கும்போதோ அடுப்பிலோ சிறு வயதில் பட்ட தீக்காயம் ஆறித் தழும்பாகியிருக்கும். பெரும்பாலும் 20, 30 ஆண்டுகள் கழித்து அதில் புண் தோன்றி ஆறாமல் நின்றால் அது புற்றாக இருக்கலாம். தழும்பில் தோன்றும் இவ்வகைப் புண்ணை 1828ஆம் ஆண்டில் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் மார்ஜொலின் என்பவரின் பெயராலேயே இது இன்றும் அழைக்கப்படுகிறது.

2. ஆறாத பழம்புண்: காலில் ஆண்டுக்கணக்கில் ஆறாமல் இருக்கும் புண்ணின் ஓரம் தடித்து, பூக்கோசுபோல் வளர்ந்து, தொட்டால் இரத்தம் கசிந்தால் உடனே கவனிக்க வேண்டும்.

3. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி: கறுத்த தோலினருக்கு மெலனோமா என்னும் கொடிய கரும்புற்று பெரும்பாலும் தோன்றுவது இங்கேதான். இதற்கும் வெயிலுக்கும் தொடர்பு குறைவு. வெறுங்காலுடன் வயலில் நடப்பவர் உள்ளங்காலின் கரும்புள்ளியை முள் குத்திய வடு என்றே நினைத்து விட்டுவிடுகிறார். ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லிக்கு 1977ஆம் ஆண்டில் கால் விரல் நகத்தடியில் இந்நோய் கண்டறியப்பட்டது. 1981ஆம் ஆண்டு, 36 வயதில் அவர் இறந்தார்.

4. இடுப்பு: பாவாடை நாடாவையோ வேட்டியையோ ஒரே இடத்தில் பல்லாண்டுகள் இறுக்கிக் கட்டுவதால் அங்கு தோல் தேய்ந்து, புண்ணாகி, அரிதாகப் புற்றாவதை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நாடாவைத் தளர்த்திக் கட்டுவதும், கட்டும் இடத்தை மாற்றுவதும், அகலமான பட்டை வைத்துத் தைப்பதும் நல்லது. காஷ்மீரில் குளிருக்காக உடைக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி என்னும் நெருப்புச் சட்டியால் வயிற்றிலும் தொடையிலும் புற்று வருவதும் இதுபோன்றதே.

5. முகம், காது, கீழுதடு: இவை வெயில் நேரே படும் இடங்கள். ஆறாத பொருக்கு, மெல்லப் பெருகும் முத்துப்போன்ற கட்டி, அடிக்கடி இரத்தம் கசியும் புண் ஆகியவற்றைப் புறக்கணிக்கக் கூடாது.

இவை அனைத்துக்கும் ஒரே விதி உண்டு. 4 வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மச்சமாயின் ஐந்து குறிகளைப் பார்க்க வேண்டும்: ஒரு பாதி மறு பாதியைப் போல் இல்லாமை, ஓரம் பிசிறாக இருத்தல், ஒரே மச்சத்தில் பல நிறம், பென்சிலின் தடிமனை, அதாவது 6 மில்லிமீட்டரை, மிஞ்சிய அகலம், சில மாதங்களில் மாறிக்கொண்டே வருதல்.

புண்ணில் சுண்ணாம்பு வைப்பது, கட்டியில் முடி கட்டுவது, பச்சிலை வைத்து மாதக்கணக்கில் காத்திருப்பது ஆகியவை ஆபத்தானவை. தொடக்கத்தில் வந்தால் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து சிறு அறுவையில் எடுத்துவிடலாம். காலம் தாழ்த்தினால் காலையே எடுக்க நேரிடும். ஏர் பிடிக்கும் மனிதனுக்குக் கால் போனால் குடும்பத்தின் நிலம் தரிசாகும்.

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். மேல் சிகிச்சைக்குக் கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை உள்ளது. 1823ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்து, 1964ஆம் ஆண்டில் ஜிப்மர் என்ற பெயர் பெற்ற நிறுவனம் இது. தோல் நோய்ப் பிரிவும் புற்றுநோய்ப் பிரிவும் இங்கு உண்டு.

தனிக் கவனம் வேண்டும் பிள்ளைகள்

பிறவியிலேயே நிறமி குறைந்து, முடியும் தோலும் வெளுத்துப் பிறக்கும் பிள்ளைகள் சில ஊர்களில் இருக்கிறார்கள். இது அல்பினிசம் எனப்படும். தெய்வக் குற்றமோ தொற்று நோயோ அல்ல, மரபு வழி வருவது. இவர்களுக்கு நிறமியின் குடை இல்லை. ஆப்பிரிக்க நாடுகளில் இவர்களில் பலர் இளம் வயதிலேயே தோல் புற்றால் இறப்பது அறியப்பட்ட செய்தி. முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மருத்துவர் சொல்லும் வெயில் தடுப்புக் களிம்பு ஆகிய நான்கும் இவர்களுக்கு நாள்தோறும் வேண்டும். பார்வையும் குறைவாக இருக்கும் என்பதால் கரும்பலகைக்கு அருகில், சன்னல் வெயில் படாத இடத்தில் உட்கார வைப்பது ஆசிரியர் கடமை. சீருடை விதியைக் காட்டித் தொப்பியைக் கழற்றச் சொல்லுதல் கூடாது.

வெண்புள்ளி உள்ள பிள்ளைகளுக்கும் வெள்ளைத் திட்டுகள் வெயிலில் சிவந்து எரியும். அவற்றைத் துணியால் மறைக்க வேண்டும். வெண்புள்ளி தொழுநோய் அல்ல, தொட்டால் ஒட்டாது என்பதையும் சக மாணவருக்குச் சொல்ல வேண்டும்.

கண்ணும் காக்கப்பட வேண்டும்

கறுத்த தோல் தோலைத்தான் காக்கும், கண்ணைக் காக்காது. வெயில், காற்று, தூசு மூன்றும் சேர்ந்து வேலை செய்பவரின் கண்ணில் மூக்கோரத்திலிருந்து கருவிழி நோக்கிச் சதை வளர்கிறது. கண்புரைக்கு முதுமை, சர்க்கரை நோய், புகைப்பழக்கம் ஆகியவற்றோடு புறஊதாக் கதிரும் ஒரு காரணம். கடற்கரையின் காய்ந்த மணல் இக்கதிரில் சுமார் 15 சதவீதத்தையும் அலை நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி வீசுகின்றன. ஆகவே கடற்கரையில் குடை மட்டும் போதாது. விளிம்புள்ள தொப்பி கண்ணுக்கு விழும் கதிரைப் பெரிதும் குறைக்கும்.

வெயில் கறுப்பா, பார்த்தீனியமா?

முகம், கழுத்து, முன்கை கறுத்துத் தடித்து அரித்தால் எல்லாரும் வெயில் மீது பழி போடுகிறார்கள். வரப்பிலும் தரிசிலும் மண்டியிருக்கும் பார்த்தீனியம் களையும் இதே இடங்களில்தான் ஒவ்வாமையை உண்டாக்குகிறது. களை வெட்டும் நாளில் அரிப்பு கூடினால் அதையே முதலில் ஐயுற வேண்டும். பூக்கும் முன்பே, கையுறை அணிந்து, வேருடன் பிடுங்க வேண்டும். பள்ளி வளாகத்தில் இக்களையைப் பிள்ளைகளை வைத்துப் பிடுங்கச் செய்தல் கூடாது.

நிழல், துணி, தொப்பி

விலையுயர்ந்த களிம்பு எல்லாப் பிள்ளைக்கும் தேவையில்லை. முதல் காப்பு நிழல், இரண்டாவது துணி. புதுச்சேரியின் பழைய தமிழ் வீடுகளில் திண்ணைக்கு முன்னால் தெருப்பக்கம் தாழ்வாரம் இறக்கிக் கட்டினார்கள். வைசியாள் வீதி போன்ற இடங்களில் இன்றும் அதைக் காணலாம். வழிப்போக்கருக்கும் நிழல் கொடுத்த அந்த வழக்கத்தைப் பள்ளிக் கட்டடங்களிலும் பின்பற்றலாம். நாற்றங்காலுக்கு வாங்கும் 75 சதவீத நிழல் வலையைத் தண்ணீர்க் குழாயடியிலும் மிதிவண்டி நிறுத்துமிடத்திலும் கட்டலாம். 50 சதவீத வலை பாதி வெயிலை உள்ளே விடும் என்பதை மறக்கக் கூடாது.

துணி நெருக்கமாக நெய்ததாகவும், தளர்வாகவும், முழுக்கையாகவும் இருக்க வேண்டும். துவைத்துத் துவைத்து நைந்த துணியும் வியர்வையில் நனைந்து ஒட்டிய வெள்ளைப் பருத்தித் துணியும் கதிரை எளிதில் உள்ளே விடும். வயலில் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை அணிவது மிக நல்ல பழக்கம்.

மாணவர் விரும்பி அணியும் கிரிக்கெட் குல்லா காதையும் பின்கழுத்தையும் மறைக்காது. சுற்றிலும் 7.5 செ.மீ.க்குக் குறையாத விளிம்புள்ள தொப்பியே ஏற்றது. முன்பு ஐரோப்பியர் தலையில் வைத்த வெயில் தொப்பி, ஏரி குளங்களில் வளரும் நெட்டிச் செடியின் தக்கையால் செய்யப்பட்டது. அதற்கும் முன்பிருந்தே பனையோலைத் தொப்பி இங்கு உண்டு. முண்டாசு கட்டுவோர் துண்டின் ஒரு முனையைப் பின்கழுத்தில் தொங்கவிட்டால் போதும். கறுப்புக் குடை ஆண் பிள்ளைக்கு இழுக்கு என்ற எண்ணத்தை விட வேண்டும்.

பள்ளியில் மூன்று பாடங்கள்

முதல் பாடம், நிழல் அளத்தல். 1 மீட்டர் கழி நட்டு மாதம் ஒரு நாள் மணிக்கொரு முறை நிழலை அளந்து குறிக்கச் செய்யலாம். நிழல் 1 மீட்டருக்குக் குறையும் நேரமும் கூடும் நேரமும் தெரிந்தவுடன் பிரார்த்தனைக் கூட்டத்தையும் விளையாட்டு வகுப்பையும் அதற்கேற்ப மாற்றலாம், அல்லது மரத்தடிக்குக் கொண்டு செல்லலாம். 2023ஆம் ஆண்டில் கோடை வெயிலின் கடுமையால் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பள்ளி திறப்பதையே தள்ளி வைத்தார்கள். விடுமுறையை நீட்டுவது ஒரு வழி. நேரத்தையும் இடத்தையும் மாற்றுவது ஆண்டு முழுவதும் உதவும் வழி.

இரண்டாம் பாடம், மரம் நடுதல். திடலின் மேற்கிலும் தென்மேற்கிலும் வேம்பு, புங்கம், இலுப்பை நட்டால் பிற்பகல் நிழல் கிடைக்கும். 2 அடி ஆழ, அகல, நீளக் குழி எடுத்து, மக்கிய தொழுவுரம் கலந்து, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் நட வேண்டும். ஒரு வகுப்புக்கு ஒரு மரம் என்று பொறுப்புக் கொடுத்தால் முதல் இரண்டு கோடைகளில் தண்ணீர் தவறாது.

மூன்றாம் பாடம், உடம்பைப் பார்த்தல். மாதத்தின் முதல் ஞாயிறன்று மாணவன் தன் உடம்பையும், வீட்டில் பெரியவர்களின் உள்ளங்கால், நகம், பழைய தழும்பு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். மாலையில் வயலிலிருந்து வந்து கால் கழுவும் வேளை இதற்கு ஏற்றது. தாத்தா தம் உள்ளங்காலைத் தாமே பார்க்க முடியாது. கண் நன்றாகத் தெரியும் பேரப்பிள்ளையால் முடியும். ஐயமான புள்ளியோ புண்ணோ இருந்தால் நாளைக் குறித்து வைத்து, 4 வாரத்தில் ஆறாவிட்டால் அழைத்துச் செல்ல வேண்டும்.

வயலில் வேலை நேரம்

கோடையில் மல்லாட்டை பறித்தல், எள் அறுப்பு போன்ற வேலைகளைக் காலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் ஒரு பகுதியையும், பிற்பகல் 3.30க்கு மேல் மறு பகுதியையும் முடிக்கத் திட்டமிடலாம். கூலியாள்களிடம் முதல் நாளே நேரத்தைப் பேசி முடித்தால் கூலியிலும் குறையாது, வேலையிலும் குறையாது. மல்லாட்டைச் செடியைப் பிடுங்கி மரத்தடிக்கோ கீற்றுப் பந்தலுக்கோ கொண்டு வந்து காய் ஆய்ந்தால், பெண்களும் பிள்ளைகளும் நண்பகல் முழுவதும் நிழலிலேயே இருக்கலாம். தண்ணீர், மோர், நீராகாரம் அருகில் இருக்க வேண்டும். தலை சுற்றி, பேச்சு குழறி, உடம்பு கொதித்தால் அது உயிருக்கு ஆபத்தான வெப்பத் தாக்கு. நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

நாற்றுக்கு நிழல் கட்டத் தெரிந்த உழவருக்குப் பிள்ளைக்கு நிழல் தேடுவது கடினமான செயலன்று. நிழல் குறுகினால் ஒதுங்குதல், வெளியே சென்றால் தலையை மூடுதல், மாதம் ஒரு முறை காலைத் திருப்பிப் பார்த்தல், 4 வாரம் ஆறாத புண்ணை மறைக்காமல் காட்டுதல் ஆகிய நான்கையும் பள்ளியும் வீடும் சேர்ந்து கடைப்பிடித்தால் வெயிலால் வரும் கேட்டையும், காலம் தாழ்த்துவதால் வரும் கேட்டையும் தவிர்க்கலாம். உழவர் பெருமக்கள் இந்த ஞாயிறு மாலையே, கால் கழுவும்போது, பிள்ளையை அருகில் அழைத்து உள்ளங்காலைக் காட்டித் தொடங்கலாம்.